ஊஞ்சலுக்கும் அடுப்புக்கும் நடுவே

"எதைக் காட்டினாலும் 'உங்க இஷ்டம்'ங்கறா, சாமி."

சென்னியப்பன் கையிலிருந்த பையைப் பொத்தென்று கீழே வைத்தார். உள்ளே முழுக்க அலமாரிக் கதவுகளின் மாதிரித் துண்டுகள். கண்ணாடி, அக்ரிலிக், மைக்கா ஒட்டிய பிளைவுட், தேக்கு, தேக்கு மாதிரி.

"எதுக்குமே வேற பதில் இல்லீங்களா?" என்றார் வெள்ளிங்கிரி சாமி. மடியில் முறத்தை வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"பச்சையக் காட்டினேன், உங்க இஷ்டம்ன்னா. வெள்ளையக் காட்டினேன், உங்க இஷ்டம்ன்னா. கோபமாச்சும் வரட்டும்னு கத்தரிப்பூக் கலர் ஒண்ணக் காட்டினேன், சாமி. அதுக்கும் அதேதான்."

சாமி ஒரு கல்லை எடுத்து வாசல் பக்கம் எறிந்தார்.

மலையடிவாரத்தில் ஒரு ஓட்டு வீடு. அதை ஆசிரமம் என்று வருகிறவர்கள்தான் சொன்னார்கள். சாமி சொன்னதில்லை. காவி கட்டுவதற்கு முன்னால் அவர் சென்னியப்பனின் மைத்துனர், மனைவி கருணாம்பாளின் தம்பி. "மாமா, மாமா" என்று புல்லட்டில் பின்னால் ஏறிக்கொண்டு ஊர் சுற்றிய பையன். காவி கட்டியதோடு முறை சொல்லி அழைப்பதை விட்டுவிட்டார். கூடப் பிறந்த அக்காவே ஆனாலும் இப்போது 'அம்மா'தான்.

சென்னியப்பனும் சளைத்தவரில்லை. தன்னைவிட இளையவர் ஆயிற்றே என்று பார்க்காமல் வாய் நிறைய 'சாமி' என்பார். எப்போதாவது உள்ளே 'மாப்ள' என்று ஒன்று எட்டிப் பார்க்கும். தலையில் தட்டி உட்கார வைத்துவிடுவார்.

"ஆமா, சமையக்கட்டுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார் சாமி.

"இடிச்சுட்டேன்."

"சமையக்கட்டையா?"

"சுவத்த, சாமி! ஹாலுக்கும் சமையக்கட்டுக்கும் நடுவால இருந்த சுவத்த. இப்பல்லாம் அப்படித்தான். ஓப்பன் கிச்சன்."

பம்புசெட் பட்டறையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு உட்கார்ந்த பிறகுதான் சென்னியப்பனுக்கு ஒரு விஷயம் உறைத்தது. அவர் பெண்டாட்டி நாள் முழுக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாள். அவரோ இந்தப் பக்கம். பாதி வாழ்க்கை இப்படியே போய்விட்டதே என்று அவருக்குப் பகீரென்றது. மறுவாரமே ஆள் வைத்து இடித்துவிட்டார். மோட்டாரில் எது அடைத்தாலும் கழற்றி எறிந்து பழகிய கை. ஆர அமர யோசிப்பதெல்லாம் அதற்கு வராது.

"எம்பட ஊஞ்சல அடுப்புக்கு நேராத் திருப்பிப் போட்டுட்டேன், சாமி. இத்தன வருசம் சுவத்தப் பாத்துச் சமைச்சா. இனி என்னப் பாத்துச் சமைக்கட்டும்."

"நல்லதுங்க. ஊஞ்சல்ல உக்காந்து என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்றதில்ல. சும்மா அவளப் பாத்துட்டே இருப்பேன். எப்பவாச்சும் ஒரு வார்த்த."

"என்ன வார்த்த?"

"அடுப்பக் கம்மி பண்ணும்பேன். கருவேப்பில போட்டயாம்பேன். சுவரு இருந்தப்பவும் இந்தப் பக்கம் இருந்துட்டே இதத்தான் கேப்பேன். வேறென்ன பேசப் போறேன்?"

சாமி முறத்தை ஒரு தட்டுத் தட்டினார். உமி பறந்தது.

"மொதல்ல எல்லாம் நல்லாச் சண்ட போடுவா, சாமி. இப்ப அதுவும் இல்ல. கல்யாணம் முடிஞ்ச மண்டபமாட்டக் கெடக்குது ஊடு." சென்னியப்பனின் குரல் இறங்கியது. "எம்மேல அவளுக்கு என்னமோ விட்டுப் போச்சு. அலமாரியாச்சும் அவளுக்குப் புடிச்சாப்பல அமைஞ்சுட்டா மறுபடியும் பேசிருவாளோன்னுதான் இதத் தூக்கிட்டு அலையறேன்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பெரிய மீசை வைத்தவர்களுக்குக் கண் கலங்கினால் பார்க்கிறவர்களுக்குத்தான் சங்கடம். சாமி அரிசியைப் பார்த்துக்கொண்டார்.

"சாயந்தரத்துக்குள்ள முடிவு சொல்லுங்கன்னு கம்பெனிக்காரப் பையன் போன் மேல போன் போடறான். பலகைய அறுத்துட்டா மாத்த முடியாதாம். நீங்களே உங்க கையால ஒண்ண எடுத்துக் குடுத்துருங்க, சாமி."

சாமி பைக்குள் கையை விட்டார். வந்தது கத்தரிப்பூக் கலர். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்த காபிப் பாத்திரத்தை அதன் மேல் வைத்தார்.

"இதுக்கு நல்லாப் பொருந்துது," என்றார்.

"சாமி!"

"அம்மா இப்பவும் பாடறாங்களா?"

சென்னியப்பன் முழித்தார்.

பாட்டு. ஆமாம், பாடிக்கொண்டுதான் இருந்தாள். காலையில் அவர் பேப்பரைப் பிரிக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வரும். குக்கர் விசிலுக்கும் மிக்சிக்கும் நடுவே ராகம் மட்டும்தான் காதில் விழும். வார்த்தை பிடிபடாது. காலங்காத்தாலே சாமி பாட்டுப் பாடுகிறாளே, மகராசி என்று அவரும் ஊஞ்சலில் இருந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

"இப்ப பாடறதில்லீங்," என்றார் மெதுவாக. "பக்தி கொறஞ்சு போச்சாட்டருக்குது."

"ஓஹோ," என்றார் சாமி. முறத்தை அவரிடம் நீட்டினார். "மத்தியானத்துக்கு அரிசிம்பருப்பு. நீங்க பண்ணுங்க."

"நானா?"

"பட்டறையில ஆளுகளுக்கு ஆக்கிப் போட்டவருதான?"

அது உண்மைதான். அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்டுப் பொங்கும் அந்தச் சாதத்தைக் கண்ணை மூடிக்கொண்டே செய்வார் சென்னியப்பன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனார்.

ஆசிரமத்துச் சமையலறை ஒரு சின்ன அறை. பலகைக் கதவு, ஒரு ஜன்னல், ஒரு அடுப்பு. சாமி பின்னாலேயே வந்தார். முக்காலி ஒன்றை இழுத்து அடுப்புக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏதாச்சும் வேணுங்களா, சாமி?"

"ஒண்ணும் வேண்டாம். உங்களக் கண்ணாரப் பாத்து வெகு நாளாச்சு. சும்மா பாத்துட்டே இருக்கறேன்."

அதைச் சொன்ன விதத்தில் அத்தனை பிரியம். சென்னியப்பனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பாட்டன் முப்பாட்டன் செய்த புண்ணியம், குருவே பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார் என்று பூரித்துப்போய் வெங்காயத்தை உரிக்க ஆரம்பித்தார்.

சாமி பார்த்தார்.

சென்னியப்பன் வெங்காயத்தை நறுக்கினார். சாமி கையைப் பார்த்தார். கத்தியைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். சென்னியப்பனுக்கு மூக்கு அரித்தது. சொறிந்துகொள்ளக் கூச்சமாக இருந்தது.

"ஒண்ணுல தோலு இருக்குதுங்க."

"பாத்துட்டேன், சாமி."

எண்ணெய் ஊற்றினார். கடுகு போட்டார். வெடிக்கிற வரைக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பக்கத்தில் திரும்பினால் சாமி. சிரித்த முகமாக, அம்மன் கோயில் வாசலில் உட்கார்ந்தவர் மாதிரி, வைத்த கண் வாங்காமல்.

"அடுப்பக் கம்மி பண்ணிக்கலாமுங்களா?"

"பண்றேன், சாமி."

பருப்பும் அரிசியும் போட்டார். தண்ணீர் ஊற்றினார். வழக்கமாகக் கை அளவாகவே ஊற்றும். இன்று கை யோசித்தது. உப்பைப் போட்டார். போட்டோமா என்று ஒரு சந்தேகம் வந்தது. இன்னொரு தடவை போட்டார்.

"கருவேப்பில போட்டீங்களா?"

சென்னியப்பன் கரண்டியை எடுத்து உலையைக் கிளறினார்.

"இல்ல, போட்டீங்களான்னு கேட்டேன். அம்புட்டுத்தான்."

"டேய் மாப்ள!" என்று கத்தினார் சென்னியப்பன். கரண்டி அந்தரத்தில் ஆடியது. "போடறேன்டா! அக்கட்டால போய்த் தொலையேன்டா கொஞ்சம்! இப்படி வெறிக்க வெறிக்கப் பாத்துட்டே இருந்தா மனுசன் எப்படிடா சமைக்கறது?"

குருவை 'டேய்' என்றாயிற்று. 'போய்த் தொலை' என்றும் ஆயிற்று. சென்னியப்பன் கரண்டியைக் கீழே வைத்தார். இனி எந்த நரகத்திலும் தனக்கு இடம் கிடைக்காது என்று நினைத்தார்.

சாமி எழுந்தார். முக்காலியைச் சுவரோரம் நகர்த்தினார்.

"சரிங், மாமா," என்றார்.

வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சென்னியப்பன் கதவு சாத்தியிருப்பதை ஒருமுறை பார்த்துக்கொண்டார். மூக்கைச் சொறிந்தார். சுகமாக இருந்தது. கருவேப்பிலையை உருவிப் போட்டார். ஒரு வெங்காயத் துண்டு கீழே விழுந்தது. எடுத்து ஊதி உள்ளே போட்டார். கேட்க ஆளில்லை. அடுப்பைத் தன் இஷ்டத்துக்குக் கூட்டினார், குறைத்தார். உலை தளதளவென்று கொதித்தது.

யாரோ முணுமுணுவென்று பாடுவது கேட்டது.

திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. அவர் வாய்தான். வார்த்தை தெரியாமல் வெறும் ராகம், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து காலையில் வருமே, அது.

கிளறிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

மத்தியானம் இலை போட்டார்கள். சாமி ஒரு வாய் எடுத்து வைத்தார்.

"உப்பு எப்படிங், சாமி?"

"இருக்குது," என்றார் சாமி. "மோர் கொஞ்சம் நெறையா ஊத்துங்க."

சென்னியப்பன் மோரை நிறைய ஊற்றினார். சாப்பாடு முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கத்தரிப்பூக் கலர் மட்டும் காபிப் பாத்திரத்துக்கு அடியிலேயே இருந்துவிட்டது.

வடவள்ளியில் வீட்டுக்குள் நுழைந்தபோது கருணாம்பாள் அடுப்பில் பால் வைத்துக்கொண்டிருந்தாள். முதுகுதான் தெரிந்தது. அவர் வந்த சத்தம் கேட்டதும் அந்த முதுகு கொஞ்சம் விறைத்தது. இதை இதற்கு முன்னால் அவர் பார்த்ததே இல்லை. பார்த்துக்கொண்டேதான் இருந்தார், ஆனால் பார்த்ததில்லை.

ஊஞ்சலில் உட்காராமல் நின்றார்.

"சாப்பிட்டீங்களா?" என்றாள் திரும்பாமல்.

"நாந்தான் சமைச்சேன்."

"ஆரு?"

"நாந்தான். உந்தம்பி பக்கத்துலயே உக்காந்து பாத்துட்டே இருந்தான்."

கருணாம்பாள் மெல்லத் திரும்பினாள். "அப்பறம்?"

"கருவேப்பில போட்டீங்களான்னான். தொரத்தி உட்டுட்டேன்."

"ஆர?"

"சாமியத்தான். டேய் மாப்ள, அக்கட்டால போடான்னு."

கருணாம்பாளுக்கு முதலில் வாய்தான் கோணியது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சுவர் இடிந்த நாளிலிருந்து அந்த வீடு இப்படிச் சிரிப்பைக் கேட்டதில்லை. சென்னியப்பனுக்கு அங்கேயே அழுதுவிடலாம் போலிருந்தது.

"அவன் என்ன சொன்னான்?"

"சரிங் மாமான்னான்."

சிரிப்பு நின்றது.

"மாமான்னா சொன்னான்?"

"ஆமா. மாமான்னுதான்."

அவள் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். இந்தத் தண்ணீர் வேறு. அவர் அடுப்பைக் கம்மி பண்ணு என்று சொல்லவில்லை, பால் பொங்கி வந்தபோதுகூட. அவளே பார்த்து அணைத்தாள்.

"அந்தப் பையக் கொண்டாங்க," என்றாள்.

துண்டுகளை மேடைமேல் கொட்டினாள். கண்ணாடியை ஒதுக்கினாள். பளபளவென்று முகம் தெரிகிற அக்ரிலிக்கை ஒதுக்கினாள். பழுப்பு நிறத்தில், அழுத்தமாக, ஒன்றும் தெரியாத மரத்துண்டு ஒன்றை எடுத்தாள்.

"இது."

சுவர் இருந்த இடத்துக்குப் போய் நின்றாள். உள்ளங்கையைத் தன் நெற்றிக்கு நேராக வைத்துக் காட்டினாள்.

"அலமாரி இங்க வரட்டும். இவ்வளவு ஒசரம்."

"அப்பறம் உன்னயத் தெரியாதே?"

"நான் கால எக்கினா நீங்க தெரிவீங்க."

"எனக்கு?"

"உங்களுக்கு எதுக்கு? என்னப் பாக்காத ஆளா நீங்க?" என்றவள், அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இப்ப கொஞ்சம் அக்கட்டால போங்க. இருக்கற வேலையப் பாக்கோணும்."

சென்னியப்பன் வாசலுக்கு வந்தார். இடித்த சுவரின் செங்கல்லெல்லாம் சமையலறை ஜன்னலுக்குக் கீழே குவிந்து கிடந்தது. அதன்மேல் துண்டைப் போட்டு உட்கார்ந்தார்.

உள்ளே பாத்திரம் உருண்டது. தண்ணீர் விழுந்தது. பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, மெதுவாக, அந்த ராகம்.

குக்கரும் இல்லை, மிக்சியும் இல்லை. ஒவ்வொரு வார்த்தையும் ஜன்னல் வழியாகத் தெளிவாக வந்து விழுந்தது.

*போட்டேன்டா போட்டேன், கருவேப்பில போட்டேன்,*
*கேட்டியேடா கேட்டே, கெழட்டு மோட்டாரே...*

சென்னியப்பன் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

சட்டைப் பையில் போன் அடித்தது. அவசரமாக எடுத்துக் காதோடு அழுத்தினார்.

"சார், பலகைய மெஷின்ல ஏத்தியாச்சு. கதவு கண்ணாடியா, மரமா?"

"அப்பறம் கூப்புடுங்க, தம்பி," என்றார் ரகசியமாக.

"ஏன் சார்?"

"சாமி பாட்டு ஓடுது," என்ற சென்னியப்பன், செங்கல் குவியலில் உட்கார்ந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.