கையை எடுத்த பிறகு

மலையடிவாரத்து ஊர்களெல்லாம் ஒரே சுனையில் தண்ணீர் எடுத்த காலத்திலே, பூங்காவனம் என்று ஒரு வைத்தியச்சி இருந்தாள். அவளுக்கு இன்னும் கறுத்த முடி. அவளிடம் சீடனாகச் சேர்ந்த அரசப்பனுக்கோ தாடியெல்லாம் நரை.

"நாடி பார்க்கக் கத்துக்க வந்தேன் அம்மா," என்றான் அரசப்பன். "நீங்க மல்லாந்து கிடக்கிற கைக்குழந்தைகளைப் பாருன்னு உட்கார வச்சிட்டீங்க. தொடக்கூடாது, கூப்பிடக்கூடாது. இதிலே என்ன இருக்கு?"

பூங்காவனம் வாசலைக் காட்டினாள்.

முத்திருளாயி வந்துகொண்டிருந்தாள். தோளில் மூன்று மாதக் குழந்தை, இடுப்பில் நடக்க வராத மூத்த மகன். பின்னால் வெறுங்கையோடு மாமியார்.

"சின்னவனும் பெரியவன் மாதிரிதான்னா சொல்லிடுங்க," என்றாள் மாமியார். "ரெண்டையும் தூக்கிக்கிட்டு இவ பொறந்த வீட்டுக்கே போகட்டும்."

மூத்தவனைச் சுவரோரம் கிடத்தினார்கள். சின்னவனைப் பாயில் போட்டார்கள். முத்திருளாயி அவன் காலைத் துணியால் மூடிவிட்டு அருகே உட்கார்ந்தாள்.

குழந்தை உதைத்தான். மறுபடியும் உதைத்தான்.

"நல்லாத்தானே இருக்கான்!" என்றான் அரசப்பன்.

"துணிக்கு அடியிலே பாருங்க," என்று பூங்காவனம் அதை விலக்கினாள்.

முத்திருளாயியின் விரல் குழந்தையின் உள்ளங்காலைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

"கையை எடு தாயி."

"மாட்டேன். எடுத்தா சும்மா கிடப்பான்."

"நீயும் அவனும் தனியா இருக்கும்போது?"

"அப்பவும் எடுக்கிறதில்லை. பயமா இருக்கு."

"அடிப்பாவி! இத்தனை நாளும் நாடகமா?" என்றாள் மாமியார்.

பூங்காவனம் முத்திருளாயியின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

உதை நின்றது.

குழந்தை விழித்திருந்தான். அழவில்லை. அசையவும் இல்லை.

குழந்தையைக் கூப்பிட அரசப்பன் நாக்கைச் சொடுக்கப் போனான். பூங்காவனம் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

"தெரிஞ்சுபோச்சு," என்று மாமியார் எழுந்தாள்.

முத்திருளாயி கையை உருவப் பார்த்தாள். பூங்காவனம் விடவில்லை.

குழந்தையின் மணிக்கட்டு லேசாகத் திரும்பியது.

யாரும் தொடவில்லை. விரல்கள் விரிந்தன. கணுக்கால் சின்னதாக ஒரு வட்டம் போட்டது. பிறகு தோள், கழுத்து, மறு கை என்று, கொதிக்கப்போகும் தண்ணீர் போல உடம்பு முழுக்கச் சின்னச் சின்னதாய் அசைந்தது.

"இது எப்போலேருந்து?" என்றாள் முத்திருளாயி.

"நீதானே கையை எடுக்கலை. எனக்கெப்படித் தெரியும்?"

"மூத்தவன்கிட்ட நான் இதைப் பார்த்ததே இல்லை." அவள் சின்னவன்மேல் குனிந்தாள். "இவன் நடப்பானா?"

"இப்படித் தானா வர்ற அசைவு இருக்கிற பிள்ளை அநேகமா நடந்துடும்."

மாமியார் ஓடிவந்து கை நீட்டினாள். "கொடுடி, என் பேரனை நான் தூக்கிக்கறேன்."

முத்திருளாயி சின்னவனைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"மூத்தவனைத் தூக்குங்க அத்தை. அவனுக்குத்தான் நடக்க வரலை."

திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள்.

மாமியார் நின்ற இடத்திலேயே நின்றாள். சுவரோரம் கிடந்தவன் அவளையே பார்த்தான்.

அரசப்பன் அவனைத் தூக்கக் குனிந்தான். பூங்காவனம் சீடனின் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.



பிறகு மாமியார் குனிந்தாள். பேரனின் கனம் அவளுக்குப் புதிதாக இருந்தது. இடுப்பில் சரியாக உட்காரவைத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.