வெளிச்சத்துக்கு அந்தப் பக்கம்

சவரிராயன், மலையில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர். வீட்டின் பின்கதவை யாரோ ஒருநாள் இரவு உடைக்கப் பார்த்ததிலிருந்து, லைசென்ஸ் வாங்கி வைத்திருந்த கைத்துப்பாக்கி அவர் தலையணைக்கு அடியில்தான் கிடந்தது. அவருக்குச் சுடக் கற்றுக்கொடுத்தவர் தமயந்தி. அவரைவிட வயதில் இளையவர்தான். ஆனாலும் சவரிராயனுக்கு அவர் மாஸ்டர்.

அன்று மனைவி செசிலியையும் கூட்டிக்கொண்டு பயிற்சிக் கூடத்துக்கு வந்தார். துப்பாக்கிக் குழலின் கீழே மாட்டுகிற டார்ச் லைட்டுகள் சிலவற்றைக் கடைக்காரரிடம் பார்த்துவிட்டுத் தருவதாகக் கேட்டு வாங்கி வந்திருந்தார். எது அதிக வெளிச்சம், எது தூரமாக அடிக்கும், மழையில் நனைந்தால் தாங்குமா என்று பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதுபோல விசாரித்து வைத்திருந்தார்.

“எதை வாங்குறது மாஸ்டர்?”

தமயந்தி சவரிராயனின் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொன்னார். பயிற்சித் துப்பாக்கி ஒன்றை எடுத்தார். எடை, டிரிகர் எல்லாம் நிஜம்போலவே இருக்கும். குண்டு மட்டும் போட முடியாது. இருப்பதிலேயே பிரகாசமான லைட்டை அதில் மாட்டிக் கொடுத்தார். சவரிராயன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தபோது, தமயந்தி செசிலியிடம் தனியாக ஏதோ பேசினார்.

பிறகு வந்து சொன்னார்: “உள் அறை இருட்டா இருக்கு. அதை உங்க வீடுன்னு நெனச்சுக்கோங்க. யாரோ நடமாடுற சத்தம் கேக்குது. யாருன்னு பாத்து வந்து சொல்லுங்க.”

உள்ளே மரப்பலகை மனிதன் நிற்பான் என்று சவரிராயனுக்குத் தெரியும். அவனை எத்தனையோ தடவை சுட்டிருக்கிறார். இரண்டு கையாலும் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு போனார். மூலையில் ஏதோ அசைந்தது. சட்டென்று அந்தப் பக்கம் திரும்பி லைட்டின் ஸ்விட்சை அழுத்தினார்.

வெளிச்சம் செசிலியின் முகத்தில் அடித்தது. அதே நேரம் ‘டிக்’ என்று ஒரு சத்தம்.

இடது கட்டைவிரல் ஸ்விட்சை அழுத்தியபோது வலது ஆள்காட்டி விரலும் கூடவே டிரிகரில் மடங்கியிருந்தது. அவர் மடக்கவில்லை. அதுவாக மடங்கியது. சுடப்போகும்வரை டிரிகரில் விரல் படக்கூடாது என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்.

தமயந்தி அறையின் விளக்கைப் போட்டார். சவரிராயன் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். முதலில் வந்தது கோபம்தான்.

“இவளை எதுக்கு மாஸ்டர் நிக்க வெச்சீங்க?”

“நான் பலகையைத்தான் வைக்கிறேன்னேன். அவங்கதான் நானே நிக்கிறேன்னாங்க.”

செசிலி சுவரோரமாகவே நின்றார். “ராத்திரியில தண்ணி குடிக்க எந்திரிக்கிறது நான்தானே,” என்றார்.

சவரிராயன் மனைவியைப் பார்க்க முடியாமல் துப்பாக்கியைப் பார்த்தார்.

“இது பயிற்சித் துப்பாக்கிதானே மாஸ்டர்.”

“விரல் உங்களோடதுதானே சார்.”

தமயந்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சவரிராயன் குடித்தார். பாதி சட்டையில் சிந்தியது. வெளியே வந்தபோது மேசைமேல் மற்ற லைட்டுகள் அப்படியே இருந்தன. கடைக்காரருக்கு ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும்.

“அப்ப, எந்த லைட்டைத்தான் வாங்குறது?” என்று மெதுவாகக் கேட்டார்.

தமயந்தி பயிற்சித் துப்பாக்கியிலிருந்து லைட்டைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தார்.

“உங்க வீட்டம்மாவைக் கேளுங்க சார். அந்தப் பக்கத்துல இருந்து பாத்தது அவங்கதான்.”

செசிலி இன்னும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். சவரிராயன் அவரிடம் கேட்காமலே லைட்டை மேசையில் மற்றவற்றோடு வைத்தார்.