வரதப்பன் மேனேஜரின் 'ஐ'

நூல் மில் மேனேஜர் வரதப்பனுக்கு மீசையைவிடத் தற்பெருமை நீளம். முதலாளிக்குப் போகும் வருட ரிப்போர்ட்டை இங்கிலீஷில் அடித்துக்கொண்டிருந்த டைப்பிஸ்ட் ஞானசுந்தரிமேல் அன்று பாய்ந்தார்.

"'நாங்கள்'னு 'வீ' போட்டிருக்கியே, யாரும்மா அந்த நாங்கள்? எல்லாத்துலயும் 'நான்'னு 'ஐ' போடு. ஒரு 'வீ' இருந்தாலும் உன் வேலை காலி!"

"எல்லாத்துலயுமாங்க சார்?"

"எல்லாத்துலயும்தான்!"

அவள் அப்படியே மாற்றி அடித்தாள். அவரோ வழக்கம்போலப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் கூட்டத்தில் முதலாளி அதைத் தமிழில் வாசித்தார். "நான் உற்பத்தியை உயர்த்தினேன்."

வரதப்பன் நெஞ்சை நிமிர்த்தினார்.

"நான் பாய்லரை வெடிக்கவிட்டேன். நான் நூறு மூட்டைப் பஞ்சை மழையில் நனையவிட்டேன்."

"ஐயா, அது நானில்லீங்க, நாங்க எல்லாரும்!" என்று அலறினார் வரதப்பன்.

கூட்டத்தில் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்த ஞானசுந்தரி பென்சிலை எடுத்தாள். "அப்ப உற்பத்தியிலிருந்தே மாத்திரட்டுங்களா சார்?"