ஒரே தார்ப்பாய்க்கு இரண்டு வாக்கு

இந்தப் புதிருக்குக் கூட்டல் கழித்தல் எதுவும் வேண்டாம். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தால் போதும்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலோர ஊர் ஒன்றில் அண்ணனும் தங்கையும் சேர்ந்து ஒரு தொழில் நடத்தி வந்தார்கள். அண்ணன் சிலுவைராயன் வீடு கட்டுவார். தங்கை பிலோமினா மரப்படகுகளைப் பழுது பார்ப்பாள். இரண்டு வேலைக்கும் ஒரே பட்டறை, ஒரே ஆட்கள், ஒரே பெயர்ப்பலகை. சாமான்களும் பொதுதான். அவற்றில் ஒன்று ஒரு பெரிய தார்ப்பாய். அந்த அளவில் அவர்களிடம் வேறு கிடையாது.

ஐப்பசித் தொடக்கத்தில் இன்னாசி என்பவர் தம் படகைப் பட்டறை முற்றத்தில் கொண்டுவந்து ஏற்றினார். மேல்பலகைகள் உளுத்துப்போயிருந்ததால் அவற்றைப் பெயர்த்து எடுத்தார்கள். அடியில் இருந்த இன்ஜினையும் மெக்கானிக் பிரித்துத் திறந்து போட்டிருந்தார். அதற்குள் மழைத்தண்ணீர் இறங்கினால் துருப்பிடித்துவிடும். அப்புறம் அந்தப் பருவம் முழுவதும் இன்னாசிக்குக் கடல் இல்லை. அவருக்கு வேறு படகும் இல்லை.

"பலகை போட்டு மூடுத வரைக்கும் தார்ப்பாய் ஒங்க படகு மேலதான் கெடக்கும்" என்று அண்ணனும் தங்கையும் சேர்ந்து நின்று அவரிடம் சொன்னார்கள். இது முதல் வாக்கு.

அடுத்த தெருவில் சபாபதி என்பவருக்குச் சிலுவைராயன் வீடு கட்டிக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை மாடிக்குக் கான்கிரீட் தளம் போட்டார்கள். புதன்கிழமை, தளம் இறுகிய பிறகு, அதன்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கினார்கள். வியாழன் காலையில் ஒரு பாத்தி வற்றிக் கிடந்ததைச் சபாபதி பார்த்துவிட்டார்.

"என்ன ராயா, எந் தளம் காஞ்சு கெடக்கு, ஒன் ஆளு பீடி குடிச்சிக்கிட்டு நிக்கான். தண்ணிக்குமா பஞ்சம்?" என்று சத்தம் போட்டவர், தாமே குழாயைப் பிடித்து எல்லாப் பாத்திகளையும் நிரப்பிவிட்டுத்தான் இறங்கினார்.

அன்று பிற்பகல் கீழ்வானம் கறுத்தது. சபாபதி பட்டறைக்கு ஓடிவந்தார். போன வருடம் அவருடைய மச்சான் வீட்டில், தளம் போட்டுக்கொண்டிருக்கும்போதே மழை கொட்டி, சிமெண்ட் எல்லாம் கரைந்து தெருவில் ஓடிவிட்டதாம்.

"அந்தத் தார்ப்பாயை எடுத்து என் மாடியில போடு. புதுத் தளம் நனைஞ்சா வீணாப் போயிரும். அடுத்த மாசம் கல்யாண மண்டப வேலையையும் ஒனக்குத்தான் குடுக்கணும்னு நெனச்சிருக்கேன்" என்றார்.

சிலுவைராயன் இருபது வருடமாகத் தளம் போடுகிறவர். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மண்டபம் என்ற சொல் காதில் விழுந்ததும் மூடிக்கொண்டார். "சரி அண்ணாச்சி, இப்பவே போட்டுருதேன்" என்றார். இது இரண்டாம் வாக்கு. படகின்மேல் கிடந்த தார்ப்பாயை அவிழ்த்துச் சபாபதியின் மாடியில் விரிக்கச் செய்தார்.

பிலோமினா அப்போது மரம் வாங்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது, திறந்து கிடந்த படகின் பக்கத்தில் இன்னாசி நின்றிருந்தார்.

"காலையில என் படகு முக்காடு போட்டுக்கிட்டு இருந்துச்சு, பிலோமி. இப்ப மொட்டையா நிக்கி. வேளாங்கண்ணிக்கு நேர்ந்துக்கிட்டீகளோ?"

பிலோமினா ஆட்களை விசாரித்தாள். நேரே சபாபதி வீட்டுக்குப் போய் மாடி ஏறினாள். மழை இன்னும் தொடங்கவில்லை. ஆனாலும் தார்ப்பாயைச் சுருட்டி முடிப்பதற்குள் அவள் பாதமும் சேலைக் கரையும் நனைந்துவிட்டன. அவளும் இன்னாசியும் அதைச் சுமந்துவந்து படகின்மேல் இழுத்துக் கட்டினார்கள். கடைசி முடிச்சுப் போடும்போது மழை இறங்கியது.

மறுநாள் காலை சபாபதி குடையோடு வந்தார். "என் வீட்டு மாடியில ஏறி எடுத்துட்டுப் போறதுக்குப் பேரு திருட்டு. இவ பட்டறையில இருந்தா மண்டபத்தை மறந்துரு, ராயா."

சிலுவைராயன் தங்கையைப் பார்த்தார். "அண்ணாச்சிகிட்ட மன்னிப்புக் கேளு. இல்லன்னா படகு வேலையை இன்னையோட விட்டுரு. குடுத்த வாக்கை மீறுத ஆளு இல்ல நான்."

"எந்த வாக்கைண்ணே?"

"கடைசியாக் குடுத்ததை."

சபாபதி தம் வீட்டைக் காக்கக் கேட்டார். சிலுவைராயன் அவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். பிலோமினா யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டு போனாள். இவர்களில் யார் செய்தது சரி? யாருடைய தவறு பெரியது? விடையைப் படிக்கும் முன், மனத்தால் ஒருமுறை அந்த மாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

விடை: பிலோமினா செய்ததே சரி. மழை தொடங்கும் முன்பே அவள் பாதம் ஏன் நனைந்தது? தார்ப்பாய் விரிக்கப்பட்டிருந்தது தண்ணீருக்கு மேல். மச்சான் வீட்டில் மழையில் கரைந்தது அப்போதுதான் கொட்டிய ஈரக் கலவை. இறுகிவிட்ட தளமோ தண்ணீரைக் குடித்துத்தான் உரம் பெறும். காலையில் குழாய் பிடித்து ஊற்றியதையே மாலையில் வானம் ஊற்ற வந்தது. அதைத் தடுக்க, ஒருவருடைய பிழைப்பைத் திறந்து போட்டார்கள். சபாபதி தெரியாமல் கேட்டார், அவரை விட்டுவிடலாம். சிலுவைராயனுக்குத் தெரியும். "அண்ணாச்சி, இந்த மழை ஒங்க தளத்துக்கு நல்லது" என்று அவர் ஒரு வரி சொல்லியிருந்தால் யாருக்கும் நட்டமில்லை. அதைச் சொல்லாமல் விழுங்கியவர், தங்கையிடம் வாக்கைப் பற்றிப் பேசினார். முதல் வாக்கு அவர் வாயிலிருந்தும் வந்ததுதானே?

பிலோமினா மன்னிப்புக் கேட்கவில்லை. படகு வேலையையும் விடவில்லை. பலகை போட்டு மூடிய பிறகு இன்னாசி கடலுக்குப் போனார். கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று மட்டும் இன்னும் பாக்கி. அதைக் கேட்க வேண்டியவர் யார்? யார் யாரிடம் கேட்க வேண்டும்?