காற்று வாங்கும் முற்றம்

கோயம்புத்தூரில் தெய்வானை என்றொரு ஆசிரியர் இருந்தார். கட்டடங்களுக்கு நடுவே காற்று எப்படிப் போகும் என்பதுதான் அவர் சொல்லிக்கொடுத்த பாடம். அவருடைய மாணவர்களில் அருள்தாஸ் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். ஊரில் பெயர் பெற்ற கட்டடக் கலைஞர். கற்றுக்கொள்ள வந்த இடத்தில் வயதைப் பார்க்காதவர்.

ஆனி மாதத்தில் அருள்தாஸ் ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். ஓய்வுபெற்ற மில் தொழிலாளர்களுக்கான குடியிருப்பு. எதிரெதிரே இரண்டு உயரமான கட்டடங்கள், நடுவே முற்றம். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்று நேராக உள்ளே நுழையும்படி ஒரு நீல அம்பு. அதன் கீழே 'காற்று வாங்கும் முற்றம்' என்று எழுதியிருந்தார்.

திங்கட்கிழமை அஸ்திவாரம் தோண்டப்போகிறார்கள். அந்த வயதானவர்களுக்கு வெளியே உட்கார அந்த ஓர் இடம்தான்.

"நல்லா இருக்குங்களா மேடம்?"

அம்பு அழகாக இருக்கிறது என்றார் தெய்வானை. இதே மாதிரி முன்பு எங்காவது கட்டியிருக்கிறீர்களா என்று கேட்டார். சரவணம்பட்டியில் ஒன்று இருக்கிறது, அதற்குப் பரிசுகூடக் கிடைத்தது என்றார் அருள்தாஸ்.

"அங்க போய் டிபன் சாப்பிடலாமுங்க."

மாலையில் போனார்கள். முற்றத்தில் கல் பெஞ்சுகள் வரிசையாக இருந்தன. எதிலும் ஆள் இல்லை. தோசைப் பொட்டலத்தைப் பிரித்ததும் மேல் காகிதம் பறந்தது. சட்னியில் மண் விழுந்தது. அருள்தாஸ் ஒரு கையால் கண்ணாடியையும் மறு கையால் இலையையும் பிடித்துக்கொண்டார்.

"காத்து நல்லாத்தான் வருதுங்க," என்றார், விட்டுக்கொடுக்காமல்.

"வருதுங்க. ஆனா நாம வாங்கறது காத்தில்ல, அடி."

அருள்தாஸ் சிரிக்க வாயைத் திறந்தார். பல்லில் மண் நெறுநெறுத்தது.

முற்றத்தின் கோடியில் ஓர் ஆட்டோ கோணலாக நின்றிருந்தது. ஓட்டுநர் காலை வெளியே நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். வண்டியின் மறைவில் சில பெண்கள் தரையில் உட்கார்ந்து பூக் கட்டினார்கள். நெற்றி முடி மட்டும் லேசாக அசைந்தது. மடியில் குவிந்திருந்த மல்லிகையில் ஒன்றுகூடப் பறக்கவில்லை. அருள்தாஸ் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவர்களையே பார்த்தார்.

ஓட்டுநருக்கு போன் வந்தது. சவாரி. எழுந்து வண்டியைக் கிளப்பினார்.

"ஏனுங் தம்பி, செவுத்த எங்க ஓட்டிட்டுப் போறீங்க?" என்றாள் ஒருத்தி.

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். பெண்கள் பூவை முந்தானையில் சுருட்டிக்கொண்டு எழுந்தார்கள். ஆளுக்கொரு வாசலுக்குள் போனார்கள். முற்றத்தில் இவர்கள் இருவர் மட்டும் மிஞ்சினார்கள்.

பரிசு வாங்கிய நாளில் அருள்தாஸ் இங்கே நின்று படம் எடுத்துக்கொண்டதோடு சரி. உட்கார்ந்தது இன்றைக்குத்தான்.

"அப்ப காத்த அடைச்சரணுங்களா மேடம்?"

"அடைச்சா புழுங்குமுங்க."

"பின்ன?"

"ஆட்டோ எப்படி நின்னுச்சுங்க?"

அருள்தாஸ் உள்ளங்கையைக் காற்றுக்கு நேராக நிமிர்த்தினார். இல்லை என்பதுபோலத் தலையசைத்தார். கையைக் கொஞ்சம் திருப்பினார். காற்று விரல்களை மோதுவதை விட்டு, உரசிக்கொண்டு போனது. சற்று நேரம் அப்படியே வைத்திருந்தார்.

பிறகு பையிலிருந்து வரைபடத்தை எடுத்து பெஞ்சின்மேல் விரித்தார். அது படபடத்தது. தெய்வானை இரண்டு மூலைகளை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அருள்தாஸ் காற்று வரும் பக்கத்துக் கட்டடத்தின்மேல் பென்சிலைக் கிடத்தி, மெதுவாகத் திருப்பினார். நீல அம்பின் வழியில் அது ஆட்டோவைப்போலக் கோணலாக வந்ததும் நிறுத்தினார்.

"இவ்வளவு போதுங்களா?"

தெய்வானை பென்சிலுக்குப் பின்னால், வரைபடத்து முற்றத்தில் ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இங்க பூக் கட்டலாமுங்க."