ஒட்டாத மகரந்தம்

"காயே பிடிக்கல!"

சடையப்பன் பூக்களுக்கு மூடியிருந்த காகித உறையைக் கொண்டுவந்து குருவின் காலடியில் வீசினார்.

குரு தையல்நாயகி அவரைவிடப் பத்து வயது இளையவர். சடையப்பனுக்குப் பாதி எரிச்சல் அதிலேயே வந்துவிடும்.

வெண்துரு நோயில் கடுகு வயலே படுத்தபோது ஒரே ஒரு செடி மட்டும் பச்சையாக நின்றது. அதன் மகரந்தத்தையே அதற்குத் தடவி விதை எடுத்தால்தான் நோய் தாங்கும் அந்தக் குணம் கலப்படமில்லாமல் தங்கும். இல்லாவிட்டால் இந்தப் பருவத்தோடு எல்லாம் முடிந்தது. நுனியில் பத்துப் பதினைந்து மொட்டுகள்தான் மிச்சம்.

"இருபது நாளா, பூத்த பூவாப் பார்த்துப் பார்த்துத் தடவினேன். இடுப்பு ஒடிஞ்சதுதான் மிச்சம்."

"ஏன் பிடிக்கலயாம்?"

"உறை தைச்சவன் லட்சணம் அப்படி. தண்ணி பாய்ச்சுறவன் ஒரு தூங்குமூஞ்சி. பனி வேற கொட்டுது. நீங்க மட்டும் என்ன, ஒரு நாளாவது எட்டிப் பார்த்தீங்களா?"

குரு செடியைப் பார்க்க நடந்தார். சடையப்பன் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனார்.

சிவப்பு நூல் கட்டிய ஒரு கிளையில் இரண்டு காய்கள் புடைத்திருந்தன.

"இது?"

"பக்கத்துப் பாத்திச் செடியோட தூள். சும்மா தடவிப் பார்த்தேன், உடனே காய்ச்சுடுச்சு. அடுத்தவங்களுது எதைக் கொடுத்தாலும் வாங்கிக்குது, தன்னோடது மட்டும் ஒட்டவே மாட்டேங்குது! என்ன திமிர் பாருங்க!"

குரு ஒரு கையை விரித்தார்.

"உறை தைச்சவன்." ஒரு விரலை மடக்கினார். "தண்ணி பாய்ச்சுறவன். பனி. நான்."

ஒரு விரல் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது.

சடையப்பன் அந்த விரலையே முறைத்தார். முதல் நாள் குரு சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. 'பூத்துட்டா தன்னோடதை ஏத்துக்காது. மொட்டுலயே பிரிச்சுத் தடவுங்க.' மொட்டுக்கு எவனாவது மகரந்தம் தடவுவானா என்று அவர் சிரித்துவிட்டுப் போயிருந்தார்.

முகம் எரிந்தது. கோபம் தணியவில்லை. ஆனால் அதைக் கொட்ட இப்போது வேறு ஆள் இல்லை.

"சொன்னீங்க," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "நான்தான் கேக்கல. தப்பு என்னோடது."

குரு இடுக்கியை அவர் கையில் கொடுத்து, இறுக மூடியிருந்த ஒரு மொட்டைக் காட்டினார்.

"இனிமே பிடிக்கும்."