எருமை முதுகில் யாருக்கு இடம்

அந்தக் காலத்தில் எருமைக்குப் பேச வரும். அதுவும் ஆளுக்குத் தகுந்த மாதிரி பேச வரும். வினையே அங்கேதான்.

ஏரிக்குள் ஒரு கருவேலமரம். கீழ்க்கிளைகளில் கொக்குக் கூட்டம், மேல்கிளைகளில் கரிச்சான் குருவிக் கூட்டம். பக்கத்துப் பக்கத்து வீடு, ஆனால் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. இரண்டு கூட்டமும் பிழைத்தது எருமையை நம்பித்தான். அது புல்லில் நடந்தால் வெட்டுக்கிளிகள் துள்ளிக் கிளம்பும். கொக்குத் தலைவி வெள்ளையம்மா அதன் காலடியிலேயே நடந்து பொறுக்குவாள். கரிச்சான் தலைவி மையாத்தா முதுகில் உட்கார்ந்து, பறப்பதைப் பிடிப்பாள். இருவர் கூட்டிலும் பச்சைக் குஞ்சுகள்.

வயிறு நிறைந்தது. மனசு நிறைந்தால்தானே!

"ஏன் மாமா, அவளை மட்டும் முதுகில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறீர்களே?" என்றாள் வெள்ளையம்மா.

எருமை தலையைத் தாழ்த்தியது. "அட, காதோடு காதாக நான் பேசுவது யாரிடம்? உன்னிடம்தானே!"

மேலே மையாத்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அங்கே என்ன குசுகுசு?"

"ஒன்றுமில்லை தாயி. ஊரே பார்க்க உட்கார்ந்திருப்பது நீயல்லவா?"

அவ்வளவுதான். நீயா நானா என்று இருவரும் அதற்கு உண்ணி பொறுக்கினார்கள். எருமைக்கு உடம்பெல்லாம் சுகம்.

ஒருநாள் வெள்ளையம்மா பொறுக்கமாட்டாமல் முதுகில் தாவி ஏறினாள்.

"நகருடி. இன்றைக்கு எனக்கு."

"கோரைக்குச்சி மாதிரி கால். இதில் சவாரி கேட்கிறதாக்கும்!"

வெள்ளையம்மா மையாத்தாவின் வாலை லபக்கென்று கவ்வி இழுத்தாள். அந்த நேரம் மரத்தின் மேல் ஒரு பருந்து வட்டமிட்டு இறங்கியது.

"விடுடி! பருந்து! குஞ்சுகள்!" என்று கத்தினாள் மையாத்தா.

என்னை இறக்கிவிடத் தந்திரம் பண்ணுகிறாள் என்று நினைத்த வெள்ளையம்மா இன்னும் இறுக்கிக் கவ்வினாள்.

"மாமா, நீங்கள் ஒரு தடவை முக்காரமிட்டால் போதும், ஓடிவிடும்!" என்று எருமையிடம் கெஞ்சினாள் மையாத்தா.

எருமை நிதானமாக மென்றது. "அது உங்கள் மரத்து விஷயம். நான் எப்படித் தலையிடுவது? எனக்கு இரண்டு பேரும் ஒன்றுதான்."

மையாத்தா வெடுக்கென்று உதறினாள். வால் நடுவில் பிளந்தது. வலியோடு பறந்தாள். பருந்து கால் நீட்டியது கீழ்க்கிளைக்கு, வெள்ளையம்மாவின் குஞ்சுக்கு. இன்றைக்குக் கீழ்க்கிளைக்கு வந்தவன் நாளைக்கு மேல்கிளைக்கு வர எவ்வளவு நேரம்? மையாத்தா தன் கூட்டைத் தாண்டிப் பாய்ந்து, பருந்தின் உச்சந்தலையில் கொத்து கொத்து என்று கொத்தினாள். பருந்து ஏரியைத் தாண்டி ஓடியது.

அலகில் ஒட்டிய கறுப்பு இறகோடு வெள்ளையம்மா வந்து நின்றாள். குஞ்சைத் தடவிப் பார்த்தாள். மறுநாள் அவளாகவே எருமையின் காலடிக்குப் போய்விட்டாள்.

ஆனாலும், மேலே என்ன பேச்சு நடக்கிறது என்று எட்டி எட்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அன்று முதல்தான் கரிச்சானுக்கு வால் இரண்டாயிற்று. கரிச்சான் இருக்கும் மரமாகப் பார்த்து மற்றப் பறவைகள் கூடு கட்டுவதும், கொக்குக்குக் கழுத்து வளைந்துபோனதும் அன்று முதல்தான். நன்றி மனசு நிறைய இருக்கிறது. கழுத்துதான் சொன்னபடி கேட்பதில்லை.